மேர் இல்லாத மேரி

தேர்தல் நாளில் எங்கள் புதுச்சேரி மூலக்குளத்து ஆட்களைப் பார்த்தால், இவர்களா அவர்கள் என்று சந்தேகம் வரும். வில்லியனூர் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நிற்காதவன் பள்ளிக்கூட வாசலில் ஒன்றரை மணி நேரம் வாய் பேசாமல் நிற்பான். தண்ணீர் லாரி வந்தால் முழங்கையால் வழி கண்டுபிடிக்கும் அக்கா, "நீங்க முன்னாடி போங்க ஆயா" என்று ஒதுங்குவார். ஆயாவோ தலைக்குக் குளித்து, திருநீறு வைத்து, பேரன் கல்யாணத்துக்கு எடுத்த புடவையில் வந்திருப்பார். வெளியே வந்ததும் ஆளாளுக்கு மை வைத்த விரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். முதலமைச்சர் ரங்கசாமி அன்று பழைய மோட்டார் சைக்கிளில் திலாசுப்பேட்டை பள்ளிக்கு வந்து ஓட்டுப் போடுவார். அதையும் படம் எடுப்பார்கள். "என்னா எளிமை பாரு" என்று ஊர் உருகும். நானும் உருகியிருக்கிறேன்.

ராத்திரி டி.வி.யில் சதவீதம் வரும். 2016 சட்டமன்றத் தேர்தலில் 84. 2021இல் 81க்கும் மேல். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கொஞ்சம் களைத்துப்போய் 79ஐ ஒட்டி நின்றோம். அந்த வருஷம் நாடு முழுக்கச் சேர்த்தே 66தான். ஏனாம்காரர்கள் எங்களையும் மிஞ்சுவார்கள், அங்கே தொண்ணூறெல்லாம் சாதாரணம். ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இருக்கும் வாக்காளர் பட்டியல் எங்களுடையது. ஆகவே பம்பாய்க்காரனையும் பெங்களூர்க்காரனையும் ஓட்டுப்போட வராத சோம்பேறிகள் என்று டீக்கடையில் உட்கார்ந்து திட்டும் தகுதி எங்களுக்கு உண்டு. திட்டுகிறோம்.

இந்த எண்பத்துச் சொச்சத்தை வைத்து என்ன வாங்கினோம் என்று கணக்குப் போடும்போதுதான் வயிறு எரிகிறது.

முதலில் சரக்கின் மதிப்பைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் கூட்டினால் 2021 தேர்தலில் பத்து லட்சத்துச் சொச்சம் வாக்காளர்கள். தொகுதிகள் 30. ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பத்து மூவாயிரம் பேர். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல். அங்கே ஓட்டு மூட்டைக் கணக்கு. இங்கே நகைக்கடை மாதிரி கிராம் கணக்கு. முப்பத்து மூவாயிரம் பேர் என்றால் எந்த வீட்டில் காதுகுத்து, எந்த வீட்டில் கருமாதி என்பது எம்.எல்.ஏ.வுக்கு அத்துப்படி. கிழவர் கண்ணை மூடிய அரை மணியில் ஒரு கட்சிக்காரர் ஐஸ் பெட்டி அனுப்புவார். எதிர்க்கட்சிக்காரர் விடுவாரா, ஷாமியானாவும் நாற்காலியும் அனுப்புவார். செத்தவர் இரண்டு கூட்டணிக்கும் பொதுவாகப் படுத்திருப்பார்.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் சாராயக்கடையும் பிராந்திக்கடையும் மூடுகிறார்கள் அல்லவா, அப்போதுதான் வேறு வியாபாரம் திறக்கும். தெருவிளக்கு தானாக அணையும். டோக்கன் வரும். எந்தக் கட்சி டோக்கன் என்று எழுதி வம்பில் மாட்ட மாட்டேன். போன தேர்தலில் என் வாசலுக்கு வந்தவன் இருபத்தைந்து வயசுப் பையன், கையில் பட்டியல்.

"அண்ணே, வீட்ல எத்தினி ஓட்டு?"

"நாலு."

"மூணுதானண்ணே. பெரியம்மா போய்ட்டாங்கள்ல, தை மாசம்?"

பெரியம்மா இறந்த மாசம் வரைக்கும் அவன் பட்டியலில் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் வாய்க்கால் மூடி உடைந்து, கம்பி துருத்திக்கொண்டு கிடப்பது மட்டும் இல்லை. அதைத் தாண்டித்தான் வந்தான், தாண்டித்தான் போனான். அந்த மூடிக்காக நான் ஓர் அலுவலகத்துக்கு நாலு முறை மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டில் எத்தனை உயிர் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. டோக்கனை வாங்கினாயா என்று கேட்கிறீர்கள். இல்லை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆமாம் என்றால் சட்டம் நம்பிவிடும். விடுங்கள்.

ஊர் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்று வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து எழுதுவார்கள். தப்பு. எங்கள் தெருக் கோடியில் ஒரு வீடு இருக்கிறது. அப்பா பரம்பரைக் காங்கிரஸ். மூத்தவன் என்.ஆர். கட்சி. நடுவுலவன் தி.மு.க. சின்னவன் போன தடவையிலிருந்து தாமரை. பொங்கலுக்கு ஒரே மொட்டை மாடியில் நாலு கொடி. சண்டை வராதா என்று ஒருநாள் பெரியவரைக் கேட்டேன். "சண்டை எதுக்குப்பா? எவன் ஆட்சிக்கு வந்தாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வேணுமில்ல" என்றார். சிவப்பு ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், ஆஸ்பத்திரியில் படுக்கை, பேத்திக்குக் காலேஜ் சீட்டு: இதில் எதற்கும் சிபாரிசு இல்லாமல் கதவு திறக்காது என்று எழுபது வயசில் அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். நாலு பிள்ளையாக இல்லாமல் போய்விட்டதே, ஐந்தாவது கட்சிக்கு ஆள் இல்லையே என்பதுதான் அவர் கவலை. அரசியல் பிளவு என்று நீங்கள் சொல்வதற்கு எங்கள் தெருவில் பெயர் இன்சூரன்ஸ்.

மேலே இருப்பவர்களுக்கு அந்தப் பிளவுகூடக் கிடையாது. 2011இல் என்.ஆர். காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்று 15 இடம் பிடித்தது. ஜெயித்த கையோடு அ.தி.மு.க.வை வாசலிலேயே விட்டுவிட்டு, ஒரு சுயேச்சையைத் துணைக்கு வைத்து ஆட்சி அமைத்தது. அது சின்னக் கதை. பெரிய கதை 2016இல் தொடங்குகிறது. எண்பத்து நாலு சதவீதம் பேர் வரிசையில் நின்று காங்கிரசுக்கு 15 இடமும் தி.மு.க.வுக்கு 2 இடமும் கொடுத்தோம். பாரதிய ஜனதாவுக்கு ஒரு தொகுதிகூடக் கொடுக்கவில்லை. ஒன்றுகூட. அடுத்த வருஷம் அதே கட்சிக்காரர்கள் மூன்று பேர் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தத் தொகுதி என்று தேடாதீர்கள். 1963ஆம் வருஷத்துச் சட்டத்தில் மத்திய அரசு மூன்று பேரை நியமிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. மாநில அரசைக் கலந்துகொள்ள வேண்டியதில்லை என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நியமன உறுப்பினர் பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போடலாம். நம்பிக்கைத் தீர்மானத்திலும் போடலாம். அவர்களுக்கு வரிசை இல்லை, வெயில் இல்லை, மை இல்லை.

பிறகு 2021 பிறந்தது. ஜனவரியில் அமைச்சர் நமச்சிவாயம் காங்கிரசை விட்டுப் போனார். ஒரு காலத்தில் அந்தக் கட்சிக்கே மாநிலத் தலைவராக இருந்தவர். மல்லாடி கிருஷ்ணாராவ் போனார். ஜான்குமார் போனார். லட்சுமிநாராயணன் போனார். தி.மு.க.விலிருந்தும் ஒருவர் போனார். பிப்ரவரி 22ஆம் தேதி முதலமைச்சர் நாராயணசாமி நம்பிக்கை கோரியபோது கணக்கு இது: அரசு பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12. எதிர்ப்பக்கம் 14. அந்தப் பதினாலில் மூன்று பேர் எந்த ஊரிலும் ஓட்டு வாங்காதவர்கள். அவர்களைக் கழித்தால் 11. கையில் பேப்பர் இருந்தால் நீங்களே கழித்துப் பாருங்கள். நாராயணசாமி யோக்கியர் என்று சொல்ல வரவில்லை; தன் வீட்டு ஓட்டை ஒழுகுவது ஐந்து வருஷமாகத் தெரியாமலா இருந்தார்? நான் கேட்பது என் ஓட்டைப் பற்றி. மக்கள் அனுப்பியவர்கள் ஒருவரை ஒருவர் விற்றுக்கொண்டதுபோக மிச்சமிருந்த பெரும்பான்மையை, மக்கள் அனுப்பாதவர்கள் வந்து தீர்த்துக் கட்டினார்கள்.

ஒன்றரை மாதத்தில், ஏப்ரல் 6ஆம் தேதி, மறுபடி வரிசையில் நின்றோம். அதே புடவை, அதே திருநீறு. கட்சி மாறிப் போனவர்களைத் தண்டித்தோமா? நமச்சிவாயத்தை மண்ணாடிப்பட்டிலும் ஜான்குமாரைக் காமராஜ் நகரிலும் தாமரைச் சின்னத்தில் ஜெயிக்க வைத்தோம். ஜான்குமாரின் மகனையும் நெல்லித்தோப்பில் சேர்த்தே ஜெயிக்க வைத்தோம், கொசுறாக. என்.ஆர். காங்கிரஸ் 10, பா.ஜ.க. 6, தி.மு.க. 6, காங்கிரஸ் 2, சுயேச்சை 6. மே 7ஆம் தேதி ரங்கசாமி பதவியேற்றார், உடனே கொரோனா வந்து சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்தார். அவர் எழுந்து உட்காருவதற்குள் டெல்லியிலிருந்து மூன்று பேர் நியமனம்; மூவரும் பா.ஜ.க. ஆறு ஒன்பதாகியது. கூட்டணிக்காரர் படுக்கையில் இருக்கும்போது சொத்தை எழுதி வாங்குவதைக் குடும்பக் கதைகளில் படித்திருக்கிறேன். என் நகத்தில் அப்போது மைகூட அழியவில்லை.

2024இல் அதே நமச்சிவாயம் உள்துறை அமைச்சராக இருந்துகொண்டே எம்.பி. பதவிக்கு நின்றார். காங்கிரஸ் வைத்திலிங்கம் 1,36,516 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், மூலைக்கு மூலை ரெஸ்டோ பார் திறந்ததையும் பெண்கள் மறக்கவில்லை என்று எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான். பிரசாரத்துக்கு வந்தவர்களைத் தெருவிலேயே மடக்கி, அரிசி எங்கே என்று கேட்டார்கள். ஆனால் தோற்றவர் மறுநாள் காலை மறுபடி உள்துறை அமைச்சர். நாங்கள் கொடுத்த அடி யாருடைய முதுகிலும் விழவில்லை.

கட்சி மாறுவதை நாங்கள் பாவமாக நினைப்பதில்லை என்பதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. எதுவார் குபேர் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றவர். 1951இல் எங்கள் டெபுட்டியாகப் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் போனவர். 1954 மார்ச்சில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இந்தியாவோடு இணைப்பு என்றார். 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரும் அவரே. கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர், பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர். மார்க்கெட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர்.

இணைப்புக்கான வாக்கெடுப்பு நடந்த கீழூர், மூலக்குளத்திலிருந்து மேற்கே வில்லியனூரைத் தாண்டினால் வந்துவிடும். 1954 அக்டோபர் 18ஆம் தேதி. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர், இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. இந்த எண்களைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்த 178 பேர் யார் என்று கேட்க எந்த வாத்தியாரும் விட்டதில்லை. பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர சபைக் கவுன்சிலர்களும். அதாவது, இந்த ஊர் இந்தியாவோடு சேர்ந்ததற்குக் கையெழுத்து, வார்டு கவுன்சிலர் போட்ட கையெழுத்து.

இப்போது மூலக்குளத்துக்கு எந்த வார்டு, கவுன்சிலர் யார் என்று என்னைக் கேளுங்கள்.

இல்லை. யாரும் இல்லை. உழவர்கரை நகராட்சிக்குக் கவுன்சிலர் இல்லை, தலைவர் இல்லை. புதுச்சேரி நகராட்சிக்கும் இல்லை. காரைக்கால், மாஹே, ஏனாம் நகராட்சிகளுக்கும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் 1968இல் ஒன்று நடந்தது. அடுத்தது 2006இல், முப்பத்தெட்டு வருஷம் கழித்து. அதில் வந்தவர்களின் காலம் 2011 ஜூலையில் முடிந்தது. ராமன்கூடப் பதினாலு வருஷத்தில் அயோத்திக்குத் திரும்பிவிட்டான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்தியே ஆகவேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. நடத்து என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடத்துவதற்கு முன் தேர்தல் ஆணையரை நியமிக்க வேண்டுமே. அவரை அமைச்சரவை நியமிப்பதா, கவர்னர் மாளிகை நியமிப்பதா என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். ஒருவழியாக ஆணையர் வந்து, 2021இல் தேதியும் அறிவித்தார்கள். வார்டு இடஒதுக்கீட்டுக் கணக்கில் குளறுபடி என்று வழக்கு வந்தது. தேர்தல் நின்றது. எந்தக் கட்சியும் சத்தமாக அழவில்லை. காங்கிரஸ் ஆண்டபோதும் நடக்கவில்லை, என்.ஆர். ஆண்டபோதும் நடக்கவில்லை, தாமரை பங்குக்கு வந்தபோதும் நடக்கவில்லை. முப்பத்து மூவாயிரம் ஓட்டில் ராஜாவாக இருக்கும் எம்.எல்.ஏ., தன் தொகுதிக்குள் பத்துக் குட்டி ராஜாக்கள் முளைப்பதை ஏன் விரும்புவார்? வாய்க்கால் மூடிக்கு நான் கவுன்சிலரிடம் போய்விட்டால், எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்குக் கைகட்டி நிற்பது யார்? இந்த ஒரு விஷயத்தில்தான் எங்கள் ஊரில் எல்லாக் கட்சியும் ஒரே கூட்டணி. அதற்குப் பொதுச் செயலாளர் கிடையாது, கொள்கை விளக்கக் கூட்டமும் கிடையாது, ஆனால் இதுவரை உடைந்ததே இல்லை.

கடற்கரையில் மேரி கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேர், அதாவது மேயர், உட்கார்ந்த நகர மண்டபம். 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று இடிந்து விழுந்தது. உலக வங்கிக் காசில் அச்சு அசலாக அதே மாதிரி, வெள்ளை வெளேரென்று எழுப்பினார்கள். 2021 பிப்ரவரி 25ஆம் தேதி பிரதமர் வந்து திறந்து வைத்தார். இங்கே ஆட்சி கவிழ்ந்து மூன்றாம் நாள். வளைவு, தூண், ஜன்னல் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. மேர் மட்டும் வரவில்லை. கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் மூலக்குளத்திலிருந்து பெரம்பை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் பெரம்பை. அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். 2021 அக்டோபரில், எங்கள் தேர்தல் கோர்ட்டில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அதே மாதத்தில், அவர்கள் சத்தமில்லாமல் ஊராட்சித் தலைவரையும் வார்டு உறுப்பினரையும் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனார்கள். சரி, அது பக்கத்து மாநிலம். என் அடுத்த தெருவில் ஒரு சொல்தா இருக்கிறார், பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். 2022இல் மக்ரோனா, லெ பென்னா என்று பாரிசின் தலைவிதியைப் புதுச்சேரியிலேயே வரிசையில் நின்று முடிவு செய்தார். அவரைப்போல இங்கே பதிவான பிரெஞ்சு வாக்காளர்கள் சில ஆயிரம் பேர். ஜனாதிபதி மட்டுமல்ல, வெளிநாட்டு பிரெஞ்சுக்காரர்களுக்கென்று ஆலோசகர்கள் உண்டு, அவர்களையும் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, அவர் பாஸ்போர்ட்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார், அவர் வாசல் சாக்கடைக்கு இல்லை. "நீயும் அப்பவே நாசியோனாலித்தே வாங்கியிருக்கலாம்பா" என்று பிரெஞ்சுக் குடியுரிமையைச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

இத்தனை நேரம் வேடிக்கையாக எழுதிவிட்டேன். இனி முடியவில்லை.

2024 ஜூன் 4ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். வெடி வெடித்தோம். சரியாக ஒரு வாரம். ஜூன் 11ஆம் தேதி காலை, எங்களுக்குப் பக்கத்து ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையில் தேங்கிய விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறியது. கழிப்பறைக்குப் போன மூதாட்டி விழுந்தார். தூக்கப்போன மகள் விழுந்தார். பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியும் செத்துப்போனாள். மூன்று பேர், சொந்த வீட்டுக் கழிப்பறையில். நிவாரணம் அறிவித்தார்கள், தலைவர்கள் வந்தார்கள், மாலை வந்தது, கேமரா வந்தது. ஐஸ் பெட்டி வந்திருக்கும். அந்தத் தெருவில் சாக்கடை நாறுகிறது என்று ஒரு பெண் காலையில் போய்க் கதவைத் தட்ட, அவள் ஓட்டுக்குப் பயந்த ஒரு வார்டு ஆள் அந்தத் தெருவில் இல்லை. பதிமூன்று வருஷமாக இல்லை. கவுன்சிலர் இருந்திருந்தால் மூவரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. திட்டுவதற்காவது ஒரு முகம் இருந்திருக்கும் என்று சொல்கிறேன். அந்தத் தெருவிலும் ஏப்ரல் 19ஆம் தேதி வரிசையில் நின்றிருப்பார்கள். எழுபத்தொன்பது சதவீதத்தில் அவர்கள் ஓட்டும் இருக்கிறது.

என் வீட்டு மாடியில் குடியிருப்பவரின் மகன் 2006 பிப்ரவரியில் பிறந்தவன். கடைசி உள்ளாட்சித் தேர்தல் நடந்த வருஷம். 2024இல் முதல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரலைக் காட்டினான். எனக்கும் சந்தோஷம்தான், கைகொடுத்தேன். வாசலில் கம்பி துருத்தும் மூடியைத் தாண்டும்போது கேட்டான்:

"மாமா, இதெல்லாம் யாரு பாக்கணும்?"

"கவுன்சிலர்."

"அவரு எங்க இருக்காரு?"

ஓட்டுப்போடும் வயசு வந்த பிள்ளை, கவுன்சிலர் என்பவரை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.